பிறர் கடிதம்

மாலையில் என்னோடு உலாவ வருகிற நண்பர் ஒருவர், போலீஸ் இலாகாவில் முப்பது வருஷம் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். கை சுத்தமானவர். டெலிபோன் பேச்சைச் சர்க்கார் ஒட்டுக் கேட்பதைப் பற்றி அன்று பத்திரிகையில் ஏதோ செய்தி வந்திருந்தது. நான் கொஞ்சம் சூடாகவே பேசிவிட்டேன். அவர் நின்றார். கைத்தடியைத் தரையில் ஊன்றிக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மறைக்க ஒன்றும் இல்லாதவனுக்கு என்ன சார் பயம்?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. கதை எழுதுகிறவனுக்குப் பதில் வாயில் வராது. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்ட பிறகுதான் வரும். அன்றும் அப்படித்தான் ஆயிற்று.

முதலில் என் யோக்கியதையைச் சொல்லிவிட வேண்டும். பிறர் அந்தரங்கத்துக்காக வாதாட நான் யார்? பஸ்ஸில் முன் ஆசனத்தில் புருஷனும் மனைவியும் தாழ்ந்த குரலில் சண்டை போட்டால் என் காது அங்கே போய்விடும். அடுத்த வீட்டு ஜன்னலில் விளக்கு அகாலத்தில் எரிந்தால் ஏன் எரிகிறது என்று யோசிக்காமல் எனக்குத் தூக்கம் வராது. இருபது நோட்டுப் புத்தகம் நிறையப் பிறருடைய வாழ்க்கையைக் குறித்து வைத்திருக்கிறேன். ஆகவே ஒட்டுக் கேட்பதில் உள்ள ருசி எனக்குத் தெரியாதது அல்ல. ஆனால் என் நோட்டுப் புத்தகம் யாரையும் ராத்திரியில் வந்து தட்டி எழுப்பாது.

நான் படித்தது ஊரை விட்டுத் தள்ளியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில். விடுதியில் இருந்தேன். அங்கே வருகிற கடிதங்களை எல்லாம் வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் பையன்களிடம் கொடுப்பார். அதற்குக் காரணமும் இருந்தது. முந்தின வருஷம் யாரோ ஓர் எத்தன், சினிமாவில் சேர்த்துவிடுவதாகக் கடிதம் எழுதி எழுதி ஒரு பையனைப் பம்பாய்க்கு இழுத்துக்கொண்டு போய்விட்டான். பையன் திரும்பி வர நான்கு மாதமாயிற்று. வந்தபோது ஆளே உருத்தெரியவில்லை என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு வந்த ஏற்பாடு இது. எந்தத் தகப்பனும் ஆட்சேபிக்கவில்லை. பலர் நன்றி சொன்னார்கள்.

அம்மா வாரம் ஒரு கடிதம் எழுதுவாள். கடிதங்கள் பிரிக்கப்படுகின்றன என்று எப்படியோ அவளுக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த கடிதத்திலிருந்து முடிவில் ஒரு வரி சேர்ந்தது: "வார்டன் ஐயா அவர்களுக்கு என் நமஸ்காரம்." எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. பையன்களிடம் காட்டிச் சிரித்தேன். சேர்ந்த வரிதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. கடிதத்திலிருந்து கழிந்துபோன வரிகள் தெரியவில்லை. "எல்லோரும் சௌக்கியம். மழை பரவாயில்லை. நன்றாகப் படி." வாரா வாரம் இதே மூன்று வாக்கியம்தான்.

ஐப்பசி மாதத்தில் எங்கள் ஊர் மாட்டுத் தரகர் ஒருவர் சந்தைக்கு வந்தவர், என்னை விடுதிக்கு வெளியே கூப்பிட்டு மடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தார். அம்மாவின் எழுத்து. அப்பா இரண்டு மாதமாகப் படுக்கையில் கிடக்கிறார் என்றும், ஆற்றங்கரை நிலத்தை அடமானம் வைத்துத்தான் இந்தப் பருவத்துச் சம்பளம் கட்டியிருக்கிறது என்றும், அடுத்த பருவத்துக்கு வழி தெரியவில்லை என்றும் எழுதியிருந்தாள். அந்தக் கடிதத்தில் நமஸ்காரம் இல்லை.

அம்மாவுக்கு மறைக்க என்ன இருந்தது? திருட்டா, சதியா? துக்கம் இருந்தது. கடன் இருந்தது. சம்பளம் நின்றுபோகும் என்று பள்ளிக்கூடத்தாருக்குத் தெரிந்தால் பையனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களே என்ற மானம் இருந்தது. என் நண்பர் மறைப்பு என்றால் குற்றம் என்று நினைக்கிறார். மனிதர்கள் குற்றத்தை மறைப்பதைவிட அதிகமாகத் துக்கத்தை மறைக்கிறார்கள். வியாதியை, வறுமையை, ஒரு தலையாய்ப் போன அன்பை மறைக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் சொல்வதற்காகவே மற்றவர்களிடமிருந்து மறைக்கிறார்கள். மூன்றாவது ஆள் படிக்கிறான் என்று தெரிந்த கணத்தில், கடிதம் அவனுக்கு எழுதப்பட்டதாகிவிடுகிறது.

இதனால் சர்க்கார் கண்ணை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. 2008-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 26-ஆம் தேதி பம்பாயில் கடல் வழியாக வந்தவர்கள் 166 பேரைக் கொன்றார்களே, அந்த மூன்று நாளும் ஹோட்டலுக்குள் இருந்த கொலைகாரர்களுக்கு எல்லைக்கு அப்பாலிருந்து டெலிபோனில் உத்தரவு வந்துகொண்டே இருந்தது. அந்தப் பேச்சை நம் போலீஸார் கேட்டுப் பதிவு செய்தார்கள். பின்னால் கோர்ட்டில் அது பெரிய சாட்சியமாயிற்று. அதைக் கேட்டது தப்பு என்று எவனாவது சொன்னால் அவனோடு எனக்குப் பேச்சில்லை. பம்பாய் எத்தனுடைய கடிதத்தை முதலிலேயே யாராவது பிரித்துப் படித்திருந்தால், அந்தப் பையன் நான்கு மாதம் சீரழிந்திருக்கமாட்டான் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

வள்ளுவரும் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே பாடியிருக்கிறார். நண்பர் இதை எப்போதும் பெருமையாகச் சொல்வார். ஆனால் அந்த அதிகாரத்தை நிதானமாகப் படித்தால் ஒன்று கண்ணில் படும். யாரை ஒற்றன் பார்க்க வேண்டும் என்று வள்ளுவர் ஜாபிதா கொடுக்கிறார். அதில் முதலில் நிற்பவர்கள் அரசனிடம் வேலை செய்கிறவர்கள், அடுத்து அவனுடைய சுற்றத்தார், அப்புறம்தான் பகைவர்கள். வேவு அரண்மனையிலிருந்து தொடங்குகிறது! மேலும், ஒற்றன் கொண்டு வந்த சேதியை அப்படியே நம்பாதே, இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார் என்கிறார். வேவுகாரனை வள்ளுவரும் முழுக்க நம்பவில்லை.

நம்முடைய காலத்தில் நடந்த கதை ஒன்று உண்டு. உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர். 1941-ஆம் ஆண்டில் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். சாட்சியம் இல்லை என்று விட்டுவிட்டார்கள். விட்டார்களே தவிர, அவர் பெயரில் ஒரு சரித்திரப் பதிவேடு திறந்துவிட்டார்கள். சௌகிதாரும் கான்ஸ்டபிளும் நடுராத்திரியில் வந்து கதவைத் தட்டிக் கூச்சல் போட்டு எழுப்புவார்கள். வெளியூர் போவதானால் சௌகிதாரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். அவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். 1962-ஆம் ஆண்டு டிசம்பரில் ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். ராத்திரியில் வீட்டுக்கு வருவது கூடாது என்று ஆறு பேருமே சொன்னார்கள். ஆனால் வெளியே நின்று கவனிப்பதிலும் பின்தொடர்வதிலும் தவறில்லை, அந்தரங்கம் என்று அரசியல் சட்டத்தில் ஓர் உரிமை கிடையாது என்று நான்கு பேர் சொன்னார்கள். அந்தத் தீர்ப்பை எழுதியவர் ராஜகோபால ஐயங்கார். மாறுபட்டு எழுதியவர் சுப்பாராவ். நீதிபதி ஷாவும் அவர் பக்கம். இருவருமே, அதாவது ஐயங்காரும் சுப்பாராவும், முன்பு நம் சென்னை ஹைகோர்ட்டில் நீதிபதிகளாக இருந்தவர்கள் என்பது ஒரு ருசியான விஷயம். ஓயாத கண்காணிப்பில் நடமாடுகிறவனுக்குக் கால் விலங்கு இல்லாவிட்டாலும், தேசம் முழுவதுமே சிறைதான் என்ற கருத்தில் சுப்பாராவ் எழுதினார். அவர் சொன்னது சட்டமாக ஐம்பத்து நான்கு வருஷம் பிடித்தது. 2017-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24-ஆம் தேதி, புட்டஸ்வாமி என்ற ஓய்வு பெற்ற நீதிபதி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகள் ஏகமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமைதான் என்றார்கள்.

உரிமை கிடைத்துவிட்டது, சரி. ஆனால் கடிதத்தைப் பிரிக்க யார் கையெழுத்துப் போடுவது? அங்கேதான் எனக்கும் நண்பருக்கும் மெய்யான தகராறு. 1986-ஆம் ஆண்டில் தபால்களைப் பிரிக்க விரிவான அதிகாரம் கொடுத்துப் பார்லிமெண்டு ஒரு மசோதாவை நிறைவேற்றியது. ராஷ்டிரபதி ஜெயில் சிங் கையெழுத்துப் போடாமல் வைத்துக்கொண்டார். பின்னால் வந்த நம் ஆர். வெங்கட்ராமன் 1990-ஆம் ஆண்டில் அதைத் திருப்பி அனுப்பினார். அது சட்டமாகவே இல்லை. டெலிபோன் விஷயத்தில் 1996-ஆம் ஆண்டு சுப்ரீம் கோர்ட் சில நிபந்தனைகளை விதித்தது: உள்துறைச் செயலாளர் உத்தரவு போட வேண்டும், அது இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டினாலும் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது, ஒரு குழு அதைப் பரிசீலிக்க வேண்டும். குழுவில் யார்? காபினெட் செயலாளரும் மற்ற இலாகாச் செயலாளர்களும். உத்தரவு போடுகிறவரும் உத்தியோகஸ்தர், சரிபார்க்கிறவர்களும் உத்தியோகஸ்தர்கள். முன்கூட்டியே ஒரு நீதிபதி பார்க்க வேண்டும் என்று அன்று கோர்ட் கட்டளை இடவில்லை. 2023-ஆம் ஆண்டில் பழைய தந்திச் சட்டத்தின் இடத்திலும் தபால் சட்டத்தின் இடத்திலும் புதுச் சட்டங்கள் வந்தன. அவற்றிலும் நீதிபதிக்கு நாற்காலி போடவில்லை.

வள்ளுவர் சொன்ன இரண்டாவது ஒற்றன் முதல் ஒற்றனை அறியாதவனாக இருக்க வேண்டும். இங்கே இருவரும் ஒரே கட்டடத்தில் காப்பி சாப்பிடுகிறார்கள்.

ஜெர்மனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருடைய கடிதத்தையும் டெலிபோனையும் பார்த்து முடித்து, இனிமேல் சொன்னால் காரியம் கெடாது என்று ஆன பிறகு, 'உம்மைக் கவனித்தோம்' என்று அவருக்கே தெரிவிக்க வேண்டும். இதை நண்பரிடம் சொன்னபோது அவர் சிரித்துவிட்டார். "திருடனுக்குத் தபால் போடச் சொல்கிறீர்களா?" என்றார். திருடனாக இருந்தால் அவனுக்குக் கோர்ட் சம்மனே போய்விடும். இந்தத் தபால் திருடன் அல்லாதவனுக்கு. அவனுக்குத் தெரியாதவரை, தப்பாகக் கவனிக்கப்பட்டேன் என்று அவன் யாரிடம் போய் முறையிடுவான்? ராத்திரியில் கதவைத் தட்டியதால்தான் கரக் சிங்குக்கு வழக்குப் போட முடிந்தது. இன்றைக்குக் கதவைத் தட்ட வேண்டிய அவசியமே இல்லை. சட்டைப் பையில் இருக்கிற கருவி சத்தமில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

மறுநாள் மாலை நண்பரிடம் அம்மாவின் கடிதக் கதையைச் சொன்னேன். குளக்கரை வரை அவர் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "அந்த வார்டன் எப்படிப்பட்டவர்?" என்று கேட்டார்.

"நல்ல மனுஷர்தான். ஒரு பையனையும் அடித்ததில்லை. ஒவ்வொரு வாரமும் கடிதத்தை என் கையில் கொடுக்கும்போது, 'அம்மாவுக்கு என் நமஸ்காரத்தையும் எழுது' என்பார்."

"எழுதினீர்களா?"

"எழுதினேன்" என்றேன். நாங்கள் அனுப்புகிற கடிதத்தையும் அவர்தான் ஒட்டுவார்.