கோரையும் கொல்லாமையும்

பரமத்தி வேலூர், மோகனூர் வட்டாரக் காவிரிக் கரைகளில் பாய் முடைவதற்காகப் பயிரிடப்படும் கோரை, முக்கோணத் தண்டுடைய ஈரநிலத் தாவரமாகும். இதனை அறுப்பது கொலையாகுமா என்னும் வினா, தோன்றுமளவு விளையாட்டானதன்று. தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் தொடுவுணர்வு மட்டுமே உடைய ஓரறிவுயிர்களாக வகுக்கிறது. சமணமும் அவ்வாறே கொள்கிறது எனினும், இல்லறத்தார் தேவையளவில் தாவரங்களைப் பயன்கொள்ள இடமளித்து, துறவியரைத் தாவரங்களுக்கு ஊறு செய்வதினின்றும் விலக்குகிறது. ஆற்றின் எதிர்க்கரையில், புகளூர் ஆறுநாட்டார் மலைக் குகைத்தளத்தில், செங்காயபன் என்னும் சமணத் துறவிக்குச் சேர மரபினர் அமைத்த கல் உறையுளைத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு இன்றும் சுட்டுவதால், பாயில் உறங்கும் இல்லறத்தானையும் பாறையில் உறங்கிய துறவியையும் பிரித்தது ஓர் ஆற்றின் அகலமே எனலாம்.

சிக்கல் மண்ணுக்கடியில் தொடங்குகிறது. அறுத்த கோரை, வேர்த்தண்டிலிருந்து, அதாவது மண்ணுள் கிடையாகப் பரவி முளைவிடும் தண்டிலிருந்து, மீண்டும் துளிர்ப்பதால், அறுபட்டது உயிரன்று, உறுப்பே என வாதிடலாம். ஆனால் ஈரத் தோட்டத்தில் அதனை வளர்ப்பவர் வேர்த்தண்டைத் துண்டாக்கியே நடுகிறார். ஒவ்வொரு துண்டும் தனிச்செடியாகிறது. உயிர் பிளவுபடாதது என்னும் சமணம், கிழங்கு போன்றவற்றில் எண்ணிறந்த உயிர்கள் ஓருடலைப் பகிர்கின்றன எனக் கூறி, அவ்வுடலைச் 'சாதாரணம்' என்கிறது. வேர்த்தண்டும் அத்தகையதெனின், அக்கணக்கில் கோரையை அறுப்பவரைவிட அதனைத் துண்டாக்கி நடுபவருக்கே வினை மிகுதி.