தொப்பி நாடாவும் முகமும்

பழைய புத்தகக் கடையில் கிடைத்த இரண்டாம் உலக யுத்தப் புகைப்படத் தொகுப்பொன்றில், நீர்மூழ்கிக் கப்பலின் மேல்தளத்தில் வரிசையாக நிற்கும் ஜெர்மன் கடற்படையினரின் படம் இருந்தது. ஆட்களின் பெயர் இல்லை. கப்பலின் பெயரும் இல்லை. அந்தப் படத்தை முன்வைத்துச் சில மாதங்கள் சின்னங்களைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். "நாஜிகளின் பித்தான்களை எண்ணிக்கொண்டிருப்பது என்ன ரசனை?" என்று நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான்.

யுத்தத்துக்கு முன் மாலுமியின் தொப்பி நாடாவில் அவன் கப்பலின் பெயர் இருந்தது. 1939ல் யுத்தம் மூண்டதும் ரகசியம் கருதி அதை நீக்கிவிட்டு, எல்லோருக்கும் 'கிரீக்ஸ்மரீன', அதாவது போர்க் கடற்படை, என்ற ஒரே சொல்லைப் போட்டார்கள். அதிகாரியின் சட்டைக் கையில், பொன்வரிகளுக்கு மேல், போர்ப் பிரிவுக்கு நட்சத்திரம், இயந்திரப் பிரிவுக்குப் பற்சக்கரம், வைத்தியருக்குப் பாம்பு சுற்றிய கோல். வெள்ளைத் தொப்பிக்காரர் நீர்மூழ்கியின் தலைவர். இது விதியல்ல, வழக்கம். கப்பலின் பெயர் போனபின் மாலுமிகள் தாங்களே சின்னங்கள் உண்டாக்கித் தொப்பியில் குத்திக்கொண்டார்கள். யு-47ன் சீறும் காளை பிரசித்தம். பின்னால் அது ஏழாவது நீர்மூழ்கிப் படைப்பிரிவுக்கே சின்னமாகிவிட்டது. எனவே காளையைப் பார்த்ததும் யு-47 என்று சொல்லிவிடுபவன் ஏமாறக்கூடும்.

வங்கியில் காசோலையின் கையெழுத்தை மாதிரியோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என் வேலை. கையெழுத்து இவருடையதுதான் என்று சொல்வேன். இவர் யோக்கியரா என்று சொல்ல எனக்கு வழியில்லை. சின்னமும் இவ்வளவுதான் சொல்லும்.

1944 மார்ச் 13 அன்று தென் அட்லாண்டிக்கில் யு-852, 'பெலியஸ்' என்ற கிரேக்கக் கப்பலை மூழ்கடித்தது. தடயம் மிஞ்சக்கூடாதென்று தலைவர் ஹைன்ஸ் எக், உயிர் பிழைத்தவர்கள் பற்றியிருந்த தெப்பங்களின்மேல் சுட உத்தரவிட்டார். சுட்டவர்களில் ஒருவர் கப்பலின் வைத்தியர் வைஸ்ஃபென்னிக். இயந்திர அதிகாரி லென்ஸ் தலைவரிடம் தன் மறுப்பைச் சொன்னார். பிறகு அவரும் சுட்டார். 1945 அக்டோபரில் ஹாம்பர்கில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் ஐவரை விசாரித்தது. எக், வைத்தியர், ஹோஃப்மன் என்ற அதிகாரி மூவரும் நவம்பர் 30 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார்கள். லென்ஸுக்கு ஆயுள் தண்டனை.

எக்கைப் போலவே நீர்மூழ்கித் தலைவராயிருந்த ஹார்ட்டன்ஸ்டைன், 1942 செப்டம்பரில், தாம் மூழ்கடித்த 'லக்கோனியா'வின் பிரயாணிகளை நூற்றுக்கணக்கில் கடலிலிருந்து ஏற்றிக்கொண்டார். இரண்டு பேரும் அணிந்தது ஒரே கடற்படையின் சீருடை.

சின்னம் இத்தனை குறைவாகச் சொல்லுமென்றால் அதைப் படிப்பானேன்? ஹாம்பர்கில் எக் தவிர மற்றவர்கள் சொன்ன சமாதானத்தில் எனக்குப் பதில் கிடைத்தது. உத்தரவுக்குப் பணிந்தோம் என்றார்கள். சுட்டது நானல்ல, என் சீருடை என்பதுதான் இதன் பொருள். நீதிமன்றம் இதை ஏற்கவில்லை. சட்டைக் கையில் பாம்புக்கோல் தைத்திருந்த ஒரு குறிப்பிட்ட மனிதர் துப்பாக்கியைத் தொட்டார் என்றே அது பார்த்தது.

'நாஜிகள்' என்ற என் நண்பரின் சொல் கோபத்தில் பிறந்தது. ஆனால் அது செய்யும் காரியம் தொப்பி நாடாவின் பொதுச்சொல் செய்ததுதான்: ஆட்களைக் கூட்டத்துக்குள் ஒளித்துவிடுகிறது. ஒளிய இடம் கிடைத்தவன் குற்றத்திலிருந்தும் தப்பிக்கிறான். மறுப்புச் சொன்ன லென்ஸும் பிறகு சுட்ட லென்ஸும் ஒரே ஆள் என்ற சங்கடமான உண்மை, 'நாஜிகள்' என்ற சொல்லுக்குள் அடங்குவதில்லை. பெயரும் முகமும் கொண்ட ஒருவனைத்தான் மன்னிக்கவோ தண்டிக்கவோ முடியும். அவனிடம் போய்ச் சேரச் சின்னம் முதல் படி. அங்கேயே நின்று ரசிப்பவனைப் பற்றி நண்பர் சொன்னது சரி.

என் படத்தில் இடமிருந்து நாலாவது ஆளின் கையில் பற்சக்கரம் தெரிகிறது. அவன் சிரிக்கிறான். அவனைப் பற்றி என்னால் இதுவரைதான் சொல்ல முடிகிறது.