ஆணிவேரின் காலம்

வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிக் காடுகளில் ஹிக்கரி என்னும் மரம் வளர்கிறது. அதன் கன்று முதல் மூன்று ஆண்டுகளில் ஆணிவேரை 2 அல்லது 3 அடி ஆழத்திற்கு இறக்கிவிடும். தண்டோ மிக மெதுவாகவே உயரும். மேலிருந்து நோக்குவோர் அது வளரவில்லை என்றே எண்ணுவர். பொறுமையிழந்து பெயர்த்து நட்டால், ஆணிவேர் அறுந்து கன்று வாடும். பட்டை உரிந்து தொங்கும் ஹிக்கரி வகை நிறைவாகக் காய்க்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும். பின்னர் 200 வயதிலும் காய்க்கும்.

நம் பிள்ளைகளையும், மனந்திரும்ப முயல்வோரையும் நாம் எதைக்கொண்டு அளக்கிறோம்? கண்ணுக்குத் தெரியும் தண்டைக் கொண்டுதானே? பலனைக் காணும் பேறு நமக்குக் கிட்டாமற் போகலாம். காத்திருக்கும் கடமையோ நம்முடையது. மண்ணுக்குள் நடப்பதை இறைவன் அறிவார். தோண்டிப் பாராதிருப்பதும் அன்பே.