எட்டு மில்லி

போடிநாயக்கனூர் போயிருக்கிறீர்களா? மூணாறு போகிற வழியில் டீ குடிக்க நிற்கிற ஊர் என்று நினைத்துக் கடந்திருப்பீர்கள். அடுத்த தடவை இறங்கி, ஏலக்காய் வியாபாரம் நடக்கிற தெருவில் ஒரு நடை போய் வாருங்கள். இடுக்கி மலையிலிருந்து இறங்கும் காயைச் சல்லடையில் சலித்து, பெண்கள் உட்கார்ந்து கையால் பொறுக்கித் தரம் பிரிப்பார்கள். ஏழு மில்லிக்கு ஒரு விலை. எட்டு மில்லிக்கு அதைவிட ஜாஸ்தி.

மில்லி என்றால் மில்லிமீட்டர். காயின் பருமன். ஆனால் வாசனை தோலில் இல்லை. உள்ளே கிடக்கும் கறுப்பு விதையில் இருக்கிறது. இடித்துப் பாயசத்தில் போட்டபிறகு அது எந்த மில்லி என்று உங்கள் மாமியாராலும் கண்டுபிடிக்க முடியாது. இருந்தும் அரபு நாடுகளுக்குப் போகிற சரக்கில் பருமனுக்கும் பச்சைக்கும்தான் மரியாதை. அடுத்தவர் அழகுக்குக் கொடுக்கிற காசில்தான் போடியில் பாதி அடுப்பு எரிகிறது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சின்னமனூர்ப் பக்கம் திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் போன் பண்ணினார். கம்பம் பன்னீர் திராட்சை. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கியதே, அதே ரகம். மகன் கோவையில் இன்ஜினீயரிங் படிக்கிறான். கேமிங் லேப்டாப் வேண்டுமாம். கடையில் இரண்டு பார்த்திருக்கிறார்கள். தடியானது 1,20,000 ரூபாய். ஒல்லியானது 2,10,000. உள்ளே இருக்கிற கிராபிக்ஸ் சிப் இரண்டிலும் ஒரே பெயர். பையனுக்கு ஒல்லிதான் வேண்டும்.

"என்னண்ணே அநியாயம்! எங்க ஊர்ல பருமனுக்குத்தான் காசு. இவன் ஒல்லியா இருக்கிறதுக்குத் தொண்ணூறாயிரம் கூடக் கேக்குறான்!"

நியாயமான கேள்விதான். ஆனால் 'வெறும் பகட்டு' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடவும் முடியாது. கேம் ஆடும்போது சிப் அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்தச் சூட்டை 25 மில்லி பெட்டியிலிருந்து வெளியேற்றுவது சுலபம். 16 மில்லி தகட்டிலிருந்து வெளியேற்ற நிஜமாகவே மூளை வேண்டும், விலை உயர்ந்த சாமான்கள் வேண்டும். திரை, உலோக உடம்பு எல்லாம் பெரும்பாலும் ஒரு படி மேல். தடியனைத் தூக்கிக்கொண்டு கோவையிலிருந்து சின்னமனூருக்கு பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து பாருங்கள், தெரியும். சார்ஜரே செங்கல் கனம்!

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஆர்டிஎக்ஸ் 4070 லேப்டாப் சிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு 35 வாட்டும் கொடுக்கலாம், 115 வாட்டும் கொடுக்கலாம். அது லேப்டாப் செய்கிற கம்பெனியின் இஷ்டம். ஒல்லி உடம்பு சூடு தாங்காது என்பதால் பல கம்பெனிகள் வாட்டைக் குறைத்துவிடுகின்றன. வேகமும் குறையும். பெட்டியின் மேல் பெயர் மட்டும் அதேதான். 2017-ல் என்விடியா 'மாக்ஸ்-க்யூ' என்று தனிப் பெயராவது ஒட்டி விற்றது. 2021-ல் சிப்பின் பெயரிலிருந்து அந்த வால் போய்விட்டது. விமர்சகர்கள் சத்தம் போட்டபிறகு, வாட் கணக்கை வெளியிடும்படி லேப்டாப் கம்பெனிகளுக்குச் சொன்னார்கள். இன்றைக்கும் அது பொடி எழுத்தில்தான் கிடக்கும், தேடினால்தான் அகப்படும். போதாக்குறைக்கு ஒல்லி ரகங்கள் பலவற்றில் மெமரியை போர்டோடு பற்றவைத்துவிடுகிறார்கள். நாளைக்குக் கூட்ட முடியாது.

போடிக்கு வாருங்கள். எட்டு மில்லி கேட்டு வாங்குகிறவருக்கு, தான் பருமனுக்குத்தான் காசு கொடுக்கிறோம் என்று தெரியும். விற்கிறவரும் அதை ஒளிக்கவில்லை. சாம்பிளைக் கையில் எடுத்து, பிளந்து பார்த்து, விலை சொல்கிறார். இதில் என்ன தப்பு? பட்டுப்புடவை கட்டுகிற நாட்டில் அழகுக்குப் பணம் கொடுப்பதைப் பாவம் என்று யார் சொல்வது? அதே ஏலக்காய்க்குப் பச்சைச் சாயம் ஏற்றினால் மட்டும் குற்றம். சாயம் ஏற்றிய காயும் பார்க்க அழகாய்த்தான் இருக்கும். ஆனால் அங்கே வாங்குகிறவனுக்கு ஒரு விஷயம் மறைக்கப்படுகிறது.

ஆக, ஒல்லி லேப்டாப் எட்டு மில்லி காயா, சாயம் போட்ட காயா? வாட்டை வெளிப்படையாகச் சொல்லி விற்றால் எட்டு மில்லி. பெயரை மட்டும் காட்டி விற்றால் சாயம். நண்பரிடம் இதைத்தான் சொன்னேன்: "கடையில போய் எத்தனை வாட்டுன்னு கேளுங்க. முழிச்சா வெளியே வந்துடுங்க."

பி.காம். படித்தவன் என்பதால் இன்னொரு கணக்கும் போட்டேன். வருமான வரிக் கணக்கில் 2017-18 முதல் கம்ப்யூட்டருக்கு வருஷத்துக்கு 40 சதவிகிதம் தேய்மானம். அந்தக் கணக்குப்படி 2,10,000 மூன்று வருஷத்தில் 45,360. தடியன் 25,920. கடையில் 90 ஆயிரமாக இருந்த வித்தியாசம், பையன் டிகிரி முடிப்பதற்குள் இருபதாயிரத்துக்கும் கீழே!

இதற்கு நண்பர் அசரவில்லை. "காசு கெடக்குதுண்ணே. படிப்புக்குத்தான்ப்பான்னு சொல்றானே, அதுதான் இடிக்குது" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சாயம் கம்பெனிகள் மட்டும்தான் ஏற்றுகின்றனவா? 'படிப்புக்கு', 'ஆபீஸ் வேலைக்கு', 'பிள்ளைகளுக்காக' என்று நாம் வாங்குகிற எத்தனை சாமான்களுக்கு வீட்டிலேயே பச்சை அடிக்கிறோம்! அதுவும் காசு ஒருவருடையது, ஆசை இன்னொருவருடையது என்கிறபோது சாயம் கொஞ்சம் கூடுதலாகவே ஏறும். மருந்து தெளித்து, பந்தலின் கீழ் கை தூக்கி நின்று கொத்து வெட்டுகிற மனுஷனுக்கு, அந்தத் தொண்ணூறாயிரம் எதற்குப் போகிறது என்று தெரிந்துகொள்ளும் உரிமை இருக்கிறதா, இல்லையா?

"அவன் என்ன சொல்லியிருக்கணும்கிறீங்க?" என்று கேட்டேன்.

"பாக்க அழகா இருக்குப்பா, கூடப் படிக்கிற பயலுக எல்லாம் வச்சிருக்கானுக, எனக்கும் ஆசையா இருக்குன்னு சொல்ல வேண்டியதுதானே? அடுத்த காய்ப்பு வெட்டினதும் வாங்கிக்கடான்னு சொல்லியிருப்பேன்."