மனமாற்றமும் வழிக்கூலியும்

வணிகம் என்பது பொருளும் பணமும் கைமாறுவதோடு நின்றுவிடும் செயலன்று. சொல்லும் நம்பிக்கையும் அதனூடாகக் கைமாறுகின்றன. ஆதலினாலேயே வணிகத்தில் எழும் சிறு பிணக்கும் ஈற்றில் அறத்தின் வாயிலிலே வந்து நிற்கின்றது. இணையவழி வணிகம் பெருகியுள்ள இக்காலத்தில் அத்தகைய பிணக்கொன்று அடிக்கடி தலைதூக்குகின்றது. குறையேதுமற்ற ஒரு பொருளை வாங்கியவர், மனம் மாறித் திருப்பி அனுப்ப விரும்புகின்றார். அவ்வாறு அனுப்பும் உரிமை அவருக்கு உண்டா? உண்டெனின், போக்குவரத்துக் கூலியைச் சுமக்க வேண்டியவர் யார்?

இவ்வினாவின் கனத்தை உணரக் கிழக்கிலங்கையின் தென்கோடியிலுள்ள பொத்துவிலை நினைத்துப் பார்த்தல் தகும். கொழும்பிலிருந்து 300 கிலோமீற்றருக்கும் அப்பாலுள்ள இவ்வூருக்குப் புகையிரதப் பாதை இல்லை. பொதிகள் யாவும் வீதி வழியாகவே வந்து செல்லல் வேண்டும். கல்முனையை அடுத்த மருதமுனை கைத்தறி நெசவுக்குப் பெயர்பெற்றது. அங்கு நெய்த சேலையொன்றைப் பொத்துவிலிலுள்ள ஒரு சிறு வணிகர் இணையத்திற் படம் காட்டி விற்கின்றார் எனக் கொள்வோமாயின், அது கொழும்பு சென்று, “நிறம் மனத்துக்குப் பிடிக்கவில்லை” என்ற ஒரே காரணத்தால் மீளுமிடத்து, இருவழிக் கூலியும் அவர் தலையில் விழும். சேலை பழுதின்றித் திரும்பினாலும் அதன் இலாபம் வழியிலேயே கரைந்துவிடும். பொருளைப் பெறும்போது பணம் செலுத்தும் முறையிலோ, வாங்கியவர் பொதியைத் தொடாமலே மறுத்துவிடவும் கூடும்.

இப்பிரதேச முஸ்லிம் மக்கள் போற்றும் இஸ்லாமியச் சட்டவியல், இவ்விடயத்தை நெடுங்காலத்துக்கு முன்னரே நுணுகி ஆராய்ந்துள்ளது. பொருளிற் குறை காணப்படின் அதனைத் திருப்பும் தெரிவு வாங்கியவரின் உரிமை. குறையில்லாதவிடத்து, இருதரப்பும் இசைந்து வியாபாரத்தை முறித்துக்கொள்வது ‘இகாலா’ எனப்படும். வருந்துபவரின் வியாபாரத்தை முறித்துக்கொடுப்பவரின் தவறுகளை இறைவன் மன்னிப்பான் என்னும் கருத்துடைய நபிமொழி, அபூதாவூத், இப்னுமாஜா ஆகியோரின் தொகுப்புகளில் இடம்பெற்றுள்ளது. முன்னது நீதி, பின்னது கருணை. நீதியைக் கேட்டுப் பெறலாம். கருணையை வேண்டலாமேயன்றி வற்புறுத்தல் இயலாது.

ஷாபிஈ சட்டமரபு இகாலாவைப் புதியதொரு விற்பனையாகக் கொள்ளாது, பழைய விற்பனையின் முறிவாகவே கொள்கின்றது. எனவே பெற்ற விலையையே திருப்பிக் கொடுத்தல் வேண்டும். கூட்டவோ குறைக்கவோ இடமில்லை. மனம் மாறியவரைத் தண்டிக்கும் நோக்கில் விலையிற் கழிவு செய்வதை இந்நெறி தடுக்கின்றது. ஆயின் அனுப்புகூலியை விலையின் ஒரு பகுதியாகக் கருதலாமா? அது பொதியைச் சுமந்த மூன்றாமவரின் உழைப்புக்கு ஈந்த ஊதியம். விற்பனை முறிந்தாலும் நடந்த பயணம் நடவாததாகிவிடாது.

இதற்கெதிராக வலுவானதொரு வாதம் உண்டு. கடைக்கு நேரிற் செல்பவர் துணியைத் தொட்டும் விரித்தும் பார்க்கின்றார். இணையத்தில் வாங்குபவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே அவரது மனமாற்றத்தை வெறும் சபலமெனத் தள்ளிவிடல் முறையன்று. காணாத பொருளை வாங்கியவர், கண்டபின் குறையின்றியே மறுக்கலாம் என ஹனபி சட்டமரபு வகுத்த ‘பார்வைத் தெரிவு’ இவ்வுண்மையையே ஏற்கின்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2011ஆம் ஆண்டுப் பணிப்புரையும் தொலைவிலிருந்து வாங்குபவருக்குப் பொதுவாக 14 நாட்கள் அவகாசம் வழங்குகின்றது. பொருளை முதலில் அனுப்பிய சாதாரணக் கட்டணத்தை விற்பவரும், திருப்பி அனுப்பும் கூலியை வாங்கியவரும் ஏற்கவேண்டும் என்பது அதன் ஏற்பாடு. திருப்பும் கூலி தம்முடையது என வாங்குபவருக்கு முன்னரே அறிவிக்கப்படாவிடின், அதுவும் விற்பவரையே சாரும். முன்னதாக 2010இல், 4.95 யூரோ அனுப்புகூலியைத் திருப்பிக் கொடுக்காத ஜேர்மனிய அஞ்சல்வழி நிறுவனமொன்றின் வழக்கிலும், அக்கூலியை வாங்கியவர்மேற் சுமத்தலாகாது என்றே ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இப்பங்கீட்டில் ஓர் அறக்கருத்து பொதிந்துள்ளது. படத்தைக் காட்டி விற்கும் முறையைத் தெரிந்தவர் விற்பவர். ஆதலின் பொருள் கண்முன் வந்து சேரும்வரையான செலவில் அவருக்குப் பொறுப்புண்டு. கண்டபின் வேண்டாமெனத் தீர்மானிப்பவர் வாங்கியவர். ஆதலின் மீளும் வழி அவருடையது. எனினும் பெருநிறுவனத்துக்குத் துளியாகும் கூலி, பொத்துவிற் சிறுவணிகருக்கு வெள்ளமாகலாம். அவர் இரு கூலியையும் வாங்குபவரிடம் விடுவாராயின், அந்நிபந்தனை விற்பனைக்கு முன்னரே தெளிவாகக் கூறப்பட்டிருத்தல் வேண்டும். துணியின் அளவையும் நிறத்தையும் உள்ளவாறு காட்டியிருத்தலும் வேண்டும். பளபளக்கும் படத்தால் ஈர்த்துவிட்டு, ஏமாந்தவரைச் சபலக்காரர் என்பது அறமாகாது.

இனி, “திருப்புவது இலவசம்” என்னும் அறிவிப்பே மேலான அறமெனச் சிலர் கருதுவர். கூலியின்றி எப்பொதியும் நகர்வதில்லை. அச்செலவு விலையிற் கரந்து நிற்கும். விளைவாக, ஆராய்ந்து ஒரு சாரம் வாங்கி அதனை வைத்துக்கொள்பவர், மூன்று சாரம் வரவழைத்து இரண்டைத் திருப்பி அனுப்புபவரின் வழிச்செலவைத் தம்மையறியாமலே செலுத்துகின்றார். ஒருவரின் தயக்கத்துக்கு வேறொருவர் விலை கொடுப்பது கருணையாகாது. கொடுப்பவர் அறிந்து கொடுப்பதே கருணை.

வணிகர் பிறர் பொருளையும் தம்முடையது போலப் பேணவேண்டுமென நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் வகுத்த அளவுகோல் வாங்குபவருக்கும் பொருந்தும். திருப்பும் சேலை மடிப்புக் கலையாது மீளல் வேண்டும். அதன் பின்னால் ஒரு தறியும் ஒரு குடும்பமும் இருப்பது நினைவில் நிற்றல் வேண்டும். விற்பவரோ, சட்டம் கட்டாயப்படுத்தாதவிடத்தும் விலையை மனமுவந்து மீளக் கொடுத்தல் வேண்டும். விலையைத் திருப்புவது கருணையின் பாற்பட்டது; வழிக்கூலியைப் பகிர்வது நீதியின் பாற்பட்டது. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்புமிடத்து, கருணை கடனாகின்றது, நீதி கொடுமையாகின்றது. வேறுபடுத்தி உணருமிடத்து, மனம் மாறியவரும் மானத்தோடு மீள்கின்றார். விற்றவரும் மறுநாட் கடையை நம்பிக்கையோடு திறக்கின்றார்.