பிள்ளைபோல் நடத்தினால் போதுமா?

தொழிலாளர்களைத் தம் பிள்ளைகளைப்போல் நடத்தும் முதலாளியை ஊர் மெச்சும். ஆனால் ஒரு நிறுவனம் அறத்தோடு நடக்க அது போதுமா? இதைக் கேட்டுப் பார்க்க ராஜபாளையம் பொருத்தமான ஊர்.

1936இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா அங்கே ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கினார். 1957இல் மெட்ராஸ் சிமெண்ட்ஸ் வந்தது. ராம்கோ குழுமம் அப்படித்தான் வேர்விட்டது. செல்வர் தம் செல்வத்துக்குத் தர்மகர்த்தா மட்டுமே என்ற காந்தியின் கொள்கை அன்று பலர் மனத்தில் இருந்தது. சென்னை மாகாண முதல்வராக இருந்த அதே ஊர் பி.எஸ். குமாரசாமி ராஜா, தம் வீட்டையே காந்தி கலைமன்றத்துக்குக் கொடுத்தார். மில்லும் பள்ளியும் பாலிடெக்னிக்கும் சேர்ந்தே வளர்ந்த ஊர் அது. இந்த மரபைப் பழமை என்று ஒதுக்குவது சுலபம். வரவேற்பறைச் சுவரில் 'எங்கள் விழுமியங்கள்' என்று கண்ணாடிச் சட்டமிட்டுத் தொங்கவிடும் கம்பெனிகளைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனாலும் பாசம் மேலிருந்து வருவது. வராதபோது கேட்டு வாங்க முடியாது. எந்த மில்லிலும் இரவு ஷிஃப்டில் முதலாளி நிற்பதில்லை, சூப்பர்வைசர்தான் நிற்கிறார். அறுந்த நூலை முடிந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு நிறுவனம் என்பது அந்த மனிதரின் வாய்தான். 'நாமெல்லாம் ஒரே குடும்பம்' என்ற பேச்சு அவளுக்கு அங்கே உதவாது. குடும்பத்தில் கணக்குக் கேட்பவளுக்கு அடங்காதவள் என்றுதான் பெயர். கொங்கு, திண்டுக்கல் வட்டார நூற்பாலைகள் பலவற்றில் நடந்த 'சுமங்கலித் திட்டம்' இதன் கொடிய முகம். மூன்றாண்டு விடுதியில் தங்கி உழைத்தால் கல்யாணத்துக்கு ஒரு மொத்தத் தொகை என்றார்கள். உடம்பு முடியாமல் இடையில் நின்ற பெண்கள் பலருக்கு அது கிடைக்கவில்லை. சொன்னது தகப்பன் அக்கறை, போட்டது பூட்டு.

பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூரைப் பாருங்கள். 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவின் ஊர். அங்கே கூட்டுறவுச் சங்கத்தில் பால் ஊற்றுகிறவர் அதன் உறுப்பினர். கொழுப்பைச் சோதித்து விலை போடும்போது அளவு தப்பென்று அவர் சண்டை பிடிக்கலாம். யாரும் நன்றிகெட்டவர் என்று சொல்ல மாட்டார்கள். கூட்டுறவுச் சங்கங்களைக் கட்சிக்காரர்கள் பிடித்துக் கெடுத்த கதைகளும் நாட்டில் நிறைய. இருந்தாலும், கேட்கும் உரிமை அங்கே சட்டப்படி இருக்கிறது. ஒருவர் மனம் கனிந்து தர வேண்டியதில்லை.

விதி மட்டும் இருந்தால் சரியாகிவிடுமா என்றால், ஆகாது. நூறு பேராவது வேலை செய்யும் இடத்தில் தொழிலாளர் பிரதிநிதிகளும் அமரும் கமிட்டி வேண்டும் என்று 1947ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. பத்துப் பேர் இருந்தாலே பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு வேண்டும் என்கிறது 2013ஆம் ஆண்டுச் சட்டம். பல ஆலைகளில் இவை கோப்பில்தான் கூடுகின்றன. கமிட்டிக்கு உயிர் கொடுக்கும் மனசு தலைமையிடம்தான் பிறக்க வேண்டும். தர்மகர்த்தா மரபு உண்மையில் பயன்பட வேண்டிய இடம் இதுவே.

எனவே அந்த மரபைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஆலை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருவிழா நன்கொடைக்கு முன்பாக, தொழிலாளர் பிரதிநிதிகளை ரகசிய வாக்கெடுப்பில் தேர்ந்தெடுக்க விடுங்கள். சூப்பர்வைசரின் பதவி உயர்வைத் தீர்மானிக்கும்போது அவருக்குக் கீழே வேலை செய்யும் பெண்களையும் கேளுங்கள்.