மங்குக்கும் மாண்பு உண்டு

உண்கலம் கலையாகுமோ என ஐயுறுவோர் உளர். அமெரிக்கக் கலைஞர் ஜூடி சிக்காகோ 1979இல் நிறைவேற்றிய ‘விருந்து’ என்னும் படைப்பில், 39 பெண்மணிகளுக்குத் தனித்தனியே பீங்கான் தட்டு இட்டுச் சரித்திரத்தின் பந்தியில் அமர்த்தினார்.

நம் சரித்திரத்தின் கலம் யாது? ரப்பர்ப் பால் ஏந்திய மங்கன்றோ! ஜொகூர்ச் சூளைகளில் சீனக் குயவர் மங்கு சுட்டனர். தோட்டங்களில் தமிழர் அதனைத் துடைத்து மரந்தோறும் வைத்தனர். இன்றோ கோலாலம்பூர் இல்லங்களில் சீமைப் பீங்கான் கண்ணாடி அலமாரியில் கொலுவிருக்கின்றது. மங்குக்கு அங்கே இடமில்லை.

“அது அடிமைச் சின்னம், மறப்பதே நன்று” என்பர் சிலர். துன்பத்தை ஒழிப்பது வேறு, மறைப்பது வேறு. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் கூலியுயர்வும் மதிப்பும் கேட்டு வேலைநிறுத்தஞ் செய்தவை மங்கு துடைத்த கைகளே. மங்கினை மறைத்தால் அக்கைகளையும் மறைத்தவராவோம்.

அன்பர்களே, விருந்தினர் காணுமிடத்தில் ஒரு மங்கினை வையுங்கள்; குழந்தை கேட்டால் கூசாது விடை கூறுங்கள்.